சமவளவு வரைதல் வகுத்த பேராசிரியர் வில்லியம் பாரிஷ்

கண்முன் நிற்கும் பொருளைப் பிறர்க்குக் காட்டுதல் எளிது. இன்னும் செய்யப்படாத பொருளை, மற்றொருவன் தன் கையாற் செய்து முடிக்கும் வண்ணம் அவனுக்கு உணர்த்துதலோ மிக அரிது. கட்டடமாயினும் இயந்திரமாயினும் முதலில் ஒருவன் உள்ளத்திலே தோன்றிப் பின்னர் வேறொருவன் கையிலே உருப்பெறுகின்றது. உள்ளத்துக்கும் கைக்கும் இடையே பாலமாய் நிற்பது வரைபடமாகும். தொழில்நுட்ப வரைதல் பயிலும் மாணவர் முப்பது பாகை மூலைமட்டத்தைக் கையிலெடுத்துச் சமவளவு எறியம் வரையப் பழகுகின்றனர். ஆங்கிலத்தில் ஐசோமெற்றிக் என வழங்கும் அம்முறையை விதிப்படுத்தி உதவியவர் யாவர், எத்தேவை பற்றி அதனை ஆராய்ந்தார் என்பதை அறிந்தோர் சிலரே. அப்பெரியாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

வில்லியம் பாரிஷ் இங்கிலாந்தின் வடவெல்லையை அடுத்துள்ள கார்லைல் நகரிலே 1759 ஆம் ஆண்டு பிறந்தார். அவர் தந்தையார் கிறித்தவ குருவானவர். இளமைக் கல்வியை அந்நகரப் பாடசாலையிற் பெற்ற பாரிஷ், கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்து மோட்லின் கல்லூரியிற் சேர்ந்தார். 1778 ஆம் ஆண்டு கணிதத் தேர்விலே தம்மோடு தோற்றியோர் அனைவரினும் முதல்வராய்த் தேறினார். கணிதத்திற் சிறந்தார்க்கு வழங்கப்படும் சிமித் பரிசினையும் பெற்றார். பின்னர் அக்கல்லூரியிலேயே ஆசிரியராய் அமர்ந்தார்.

1794 ஆம் ஆண்டு பாரிஷ் இரசாயனவியற் பேராசிரியரானார். அக்காலத்தில் அவ்வியலின் அடிப்படைகளைப் பல்கலைக்கழகத்திலே பிறரும் கற்பித்து வந்தனர். அவர் கூறியதையே தாமும் கூறுதலிற் பயனில்லையெனக் கண்ட பாரிஷ், வேறொரு வழியை மேற்கொண்டார். இங்கிலாந்து எங்கணும் நூற்பாலைகளும் இரும்பு உருக்கும் உலைகளும் நீராவி எந்திரங்களும் பெருகி வந்த காலம் அது. எனினும், கேம்பிறிட்ஜில் மொழியும் கணிதமும் சமயமும் கற்று வெளியேறிய மாணவர் பலர், தம் நாட்டையே மாற்றி அமைத்துக்கொண்டிருந்த அத்தொழில்களை அறியாதவராகவே இருந்தனர். அக்குறையை நீக்கக் கருதிய பாரிஷ், கைத்தொழில்களைப் பற்றிய விரிவுரைகளைத் தொடங்கி, அவற்றின் பாடத்திட்டத்தை 1796 ஆம் ஆண்டு அச்சிட்டு வெளியிட்டார். சுரங்கம் தோண்டுதல், உலோகம் பிரித்தல், நூல் நூற்றல், பாலமும் கால்வாயும் அமைத்தல் முதலியன பல்கலைக்கழக மண்டபத்திலே பாடமாயின.

இயந்திரத்தின் தொழிலைச் சொல்லால் மட்டும் உணர்த்த முடியாது என்பது பாரிஷின் துணிபு. ஆதலின் ஒவ்வொரு விரிவுரைக்கும் மாதிரி இயந்திரங்களைச் செய்து, அவை இயங்கும் வகையை மாணவர் கண்ணெதிரே காட்டினார். எல்லா இயந்திரங்களுக்கும் தனித்தனி மாதிரி செய்தல் பெருஞ்செலவாகும். அவற்றை வைத்தற்கு இடமும் போதாது. இதற்கு அவர் கண்ட உபாயம் வியக்கத்தக்கது. பித்தளைப் பற்சக்கரங்கள், அச்சுக்கள், இரும்புச் சட்டங்கள், அவற்றைப் பிணைக்கும் பிடிகள் ஆகியவற்றைப் பொதுவுறுப்புக்களாகச் செய்துகொண்டார். இன்று அவ்வுறுப்புக்களைப் பூட்டி ஓர் ஆலையைக் காட்டுவார். விரிவுரை முடிந்ததும் அதனைப் பிரித்து, அதே உறுப்புக்களால் அடுத்த விரிவுரைக்கு வேறோர் இயந்திரத்தை அமைப்பார். இருபத்தாறு எழுத்துக்களை மாற்றி அடுக்கி எண்ணிறந்த சொற்களை ஆங்கிலேயர் அமைப்பது போன்றது இது.

இங்கேதான் ஓர் இடர் தோன்றிற்று. பிரித்த இயந்திரத்தை மறுபடியும் பூட்டுபவர் பேராசிரியர் அல்லர்; அவருடைய உதவியாளரே. எந்தச் சக்கரம் எந்த அச்சிலே, எவ்வளவு தூரத்தில், எவ்வுயரத்திற் பொருந்தும் என்பது உதவியாளர்க்குத் தெளிவாகத் தெரியவேண்டும். தெரியாதாயின், பிரிக்கப்பட்ட மாதிரி மீளாது. அதனாற் பெறும் அறிவும் மாணவரைச் சென்றடையாது. எனவே, உதவியாளரிடம் எத்தகைய படத்தைக் கொடுப்பது என்பது பாரிஷுக்குப் பெருங்கவலையாயிற்று.

அக்காலத்தில் அறியப்பட்ட முறைகளுள் முதன்மையானவை இரண்டு. ஒன்று ஓவியர் கைக்கொள்ளும் தோற்றமுறை. இதிலே அண்மையிலுள்ளது பெரிதாகவும் சேய்மையிலுள்ளது சிறிதாகவும் தோன்றும்; நெடிய வீதியின் இரு மருங்கும் தொலைவில் ஒன்றுகூடுதல் போலக் கோடுகள் குவிந்து செல்லும். கண்ணுக்கு அது இனியது. ஆயினும் அளவுகோலை வைத்து அளத்தற்கு எளிதன்று. மற்றொன்று கிடைப்படமும் நிலைப்படமும் வரையும் முறை. பிரான்சு தேசத்து அறிஞர் மொன்ச் என்பார் இதன் கணிதத்தைச் செம்மையாக வகுத்து, அவர்தம் நூல் 1799 ஆம் ஆண்டு வெளிவந்தது. இம்முறையில் அளவு பிழையாது. ஆனால் மேலிருந்தும் முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்த்த படங்களை உள்ளத்திலே ஒன்றாக்கிப் பொருளைக் காணவேண்டும். பயிற்சியில்லாதார்க்கு அது கைகூடாது. முதல் முறையிற் காட்சி உண்டு, அளவு இல்லை. இரண்டாவதில் அளவு உண்டு, காட்சி இல்லை. இரண்டும் ஒருங்கே அமைந்த படம் ஒன்றையே பாரிஷ் நாடினார்.

அவர் கண்ட வழி எளியது. சதுரமுகி ஒன்றை அதன் ஒரு மூலையிலிருந்து நேரெதிர் மூலையை நோக்கி, மிகத் தொலைவிலிருந்து பார்ப்பதாகக் கொள்வோம். அதன் புறக்கோடு ஒழுங்கான அறுகோணியாகத் தோன்றும். நடுவிலுள்ள மூலையிலிருந்து மூன்று விளிம்புகள் ஒத்த கோணத்திற் பிரிந்து செல்லும். அவற்றுள் ஒன்று நிலைக்குத்தானது. ஏனைய இரண்டும் கிடைக்கோட்டுக்கு 30 பாகை சாய்ந்தவை. மூன்று விளிம்புகளும் ஒரே விகிதத்திற் குறுகித் தோன்றுதலால், நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றையும் ஒரே அளவுகோலால் அளக்கலாம். சமவளவு என்னும் பெயர் இதனாலேயே அமைந்தது. மெய்யாக நோக்கின் ஒவ்வொரு விளிம்பும் தன் நீளத்தில் ஏறக்குறைய 82 சதவீதமாகக் குறுகும். மூன்றும் ஒருபடித்தாய்க் குறுகுவதால், வரைவோர் அக்குறுக்கத்தை விடுத்து முழு நீளத்தையே குறிப்பர். படம் சற்றுப் பெரிதாகுமேயன்றி வடிவம் மாறுபடாது. முகங்களில் அமைந்த வட்டங்கள் யாவும் ஒரே விகிதமுடைய நீள்வளையங்களாகும். சக்கரங்கள் நிறைந்த மாதிரிகளை வரைவதற்கு இது பெரிதும் உதவிற்று.

இம்முறைக்கும் எல்லை உண்டு. மூன்று திசைகளுக்கும் ஒவ்வாத சாய்கோட்டை அளவுகோலால் நேரே அளத்தலாகாது. சேய்மையிலுள்ளதும் சிறுகாது தோன்றுதலால், நெடிய பொருளின் படம் கண்ணுக்குச் சிறிது இயல்பற்றதாய்த் தோன்றும். சமாந்தரக் கோடுகளாற் பொருள்களைக் காட்டும் வழக்கமும் புதியதன்று. சீன ஓவியரும் ஐரோப்பாவிற் கோட்டை வரைந்தோரும் அதனை முன்னரே கையாண்டனர். மூன்று திசைக்கும் ஓரளவே அமையும் நிலையைத் தேர்ந்து, அதற்குப் பெயரும் விதியும் வகுத்து, எவரும் பின்பற்றத்தக்க முறையாக ஆக்கியதே பாரிஷின் தொண்டு.

1819 ஆம் ஆண்டு கேம்பிறிட்ஜ் மெய்யியற் கழகம் நிறுவப்பட்டபோது பாரிஷ் அதன் முதற் தலைவரானார். அடுத்த ஆண்டு, தமது அறுபதாம் வயதில், இம்முறையைப் பற்றிய கட்டுரையை அக்கழகத்தில் வாசித்தார். 1822 ஆம் ஆண்டு அது கழக வெளியீட்டின் முதற் தொகுதியில் அச்சேறிற்று. உதவியாளருக்காகத் தோன்றிய முறை, அதன்பின் தொழிலறிந்தார் கைக்குச் சென்றது. யோசப் ஜொப்ளிங் என்பார் 1833 இலும், நிலமும் சுரங்கமும் அளக்கும் தொழிலினரான தோமஸ் சொப்வித் 1834 இலும் இதனை விளக்கி நூல்கள் வெளியிட்டனர். நிலத்தின் மேற்பரப்பையும் அதன் கீழ்க் கிடக்கும் சுரங்க வழிகளையும் ஒரே படத்திற் காட்டுதற்குச் சொப்வித் இதனைப் பயன்படுத்தினார்.

பாரிஷ் 1813 முதல் இயற்கை மெய்யியற் பேராசிரியராய் விளங்கினார். 1800 முதல் கேம்பிறிட்ஜ் செயின்ற் ஜைல்ஸ் கோவிற்பற்றின் குருவாகவும் பணியாற்றினார். இரு பணிகளையும் இறுதிவரை தாங்கி, 1837 ஆம் ஆண்டு காலமானார். அவர் பதவியை ஏற்ற றொபேட் வில்லிஸ், பொதுவுறுப்புக்களால் மாதிரிகளை அமைக்கும் வழியை மேலும் வளர்த்து, 1851 ஆம் ஆண்டு அதுபற்றி நூலொன்று வெளியிட்டார்.

இன்று கணினித் திரையிலே பொருளை வேண்டியவாறெல்லாம் சுழற்றிப் பார்க்கலாம். அங்ஙனமிருந்தும், குழாய் பொருத்துவோர் கையிலுள்ள படத்திலும், பிரித்து விற்கப்படும் தளபாடத்தைப் பூட்டும் வகை கூறும் தாளிலும் பாரிஷின் முப்பது பாகைக் கோடுகளையே காண்கின்றோம். அவர் பெயர் அத்தாளில் இல்லை.

கணிதத்தில் முதல்வராய்த் தேறிய அவர், தாம் அறிந்த உயர்கணிதத்தைக் காட்டவேண்டி இம்முறையை வகுத்தாரல்லர். தம் உதவியாளர்க்குப் படம் விளங்கவில்லையெனின், குறை அவர்பாலன்று, படத்தின்பாலது எனக் கொண்டார், படத்தைத் திருத்தினார். கற்பிக்கும் தொழிலை மேற்கொண்ட நாம் நாள்தோறும் நினைத்தற்குரியது இது. வரைபலகையின் முன் அமரும் மாணவரும், தாம் இழுக்கும் கோடு எவர் கைக்குச் செல்லவிருக்கின்றது என்பதை முதலில் எண்ணி, பின்னர்ப் பென்சிலை எடுப்பாராக.