முள்ளைக் கண்ட மேதை

நரம்பு உயிரணுவைக் கிளைவிட்ட மரத்துக்கு ஒப்பிடுவர். அக்கிளைகளின் மேல் கருவேல முட்களைப் போல நுண்ணிய முட்கள் நிறைந்துள்ளன. அவற்றை முதன்முதலில் கண்டுரைத்தவர் ஸ்பெயின் நாட்டு மேதை சாந்தியாகோ ரமோன் இ கஹால்.

1852-ஆம் ஆண்டு மே முதல் நாள் ஒரு மலைக் கிராமத்தில் பிறந்தார். தந்தை எளிய குடும்பத்திலிருந்து படித்து மருத்துவரானவர். மகனின் நாட்டமோ ஓவியத்தில். குறும்பு மிகுந்த மகனை முடிதிருத்துபவரிடமும் செருப்புத் தைப்பவரிடமும் வேலைக்கு விட்டார் தந்தை. பின்னர் எலும்புகளை வரையச் செய்தே உடற்கூற்றியலில் ஆவலை மூட்டினார். 1873-இல் மருத்துவரான கஹால், ராணுவப் பணியில் கியூபா சென்று மலேரியாவோடு திரும்பினார். அந்த ஊதியத்தில் மிச்சம் பிடித்து நுண்ணோக்கி வாங்கினார்.

1887-இல், இத்தாலிய அறிஞர் கோல்ஜியின் வெள்ளிச் சாய முறையை அறிந்தார். பொட்டாசியம் டைகுரோமேட்டிலும் வெள்ளி நைட்ரேட்டிலும் ஊறிய மூளைத் துண்டில் ஒருசில உயிரணுக்கள் மட்டும் கறுத்துத் துலங்கும். வளர்ந்த மூளை சிக்கலானது என்பதால் கருக்களையும் குஞ்சுகளையும் ஆராய்ந்தார். 1888-இல் பறவையின் சிறுமூளையில் முட்களைக் கண்டு, சொந்தச் செலவில் இதழ் அச்சிட்டு வெளியிட்டார்.

அது முள்ளன்று, வெள்ளி படிந்த கறை என்றனர் அறிஞர் பலர். நம்மைச் சூழ்ந்த ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் ஓர் உதிரிபாகத்தில் கோடு தென்பட்டால், அது அழுக்கா விரிசலா என்பதை வேறொரு சோதனையால்தானே முடிவு செய்ய வேண்டும்? கஹால் செய்ததும் அதுவே. வெள்ளியே கலவாத மெத்திலீன் நீலச் சாயத்தைக் கொண்டு 1896-இல் அதே முட்களைக் காட்டினார்.

முட்கள் எவ்வாறு உருவாகின்றன? இளம் உயிரணுவின் கிளையிலிருந்து முதலில் மெல்லிய இழைகள் நீண்டும் சுருங்கியும் அண்டையிலுள்ள நரம்பிழைகளைத் தேடுகின்றன. தொடர்பு நிலைத்தால், சில இழைகள் குறுகித் தலை பருத்து முட்களாகின்றன. ஆக்டின் என்னும் புரதம் அவற்றுக்கு வடிவம் தருகிறது. மிகையாய் முளைத்தவற்றுள் பல பின்னர் மறைந்துவிடும்.

1906-இல் கஹாலும் கோல்ஜியும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். 1934 அக்டோபர் 17-இல் கஹால் மறைந்தார். நரம்புகள் செய்தி பரிமாறும் இடமே முள் என்பதை 1959-இல் மின்னணு நுண்ணோக்கி மெய்ப்பித்தது. 2024-இல் நமக்கு அருகிலேயே, சென்னை ஐ.ஐ.டி.யின் மூளை ஆய்வு மையம் மனிதக் கருவின் மூளையை உயிரணு உயிரணுவாகப் படமாக்கி வெளியிட்டது.

நண்பர்களே! குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிக்க வந்தோர் நம்மில் பலர். கண்டதைக் கண்டேன் எனச் சொல்லும் துணிவும், அதை மறுவழியில் மெய்ப்பிக்கும் பொறுமையும் நமக்கும் வாய்க்கட்டும்!