கணக்குத் தீர்க்கப்படாத தளபதி

‘தி கவுண்ட் ஆஃப் மாண்டி கிறிஸ்டோ’, ‘தி த்ரீ மஸ்கிட்டியர்ஸ்’ கதைகளைப் பள்ளித் துணைப்பாட நூலிலோ சினிமாவிலோ சந்திக்காதவர்கள் நம் குடியிருப்பில் குறைவாகத்தான் இருப்பார்கள். எழுதியவர் அலெக்சாண்டர் டூமா. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் படைத்தளபதியாக இருந்த அவருடைய அப்பாவின் வாழ்க்கை அந்த நாவல்களுக்குச் சற்றும் குறைந்ததல்ல. அவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

தாமஸ் அலெக்சாண்டர் டூமா 1762 மார்ச் 25 அன்று, இப்போது ஹைத்தி என்று அழைக்கப்படும் கரீபியன் நாட்டில் பிறந்தார். அன்று அது பிரான்சின் ஆட்சியில் இருந்தது. அப்பா பிரெஞ்சுப் பிரபு வம்சத்தவர். அம்மா மேரி செசெட், ஆப்பிரிக்க வம்சாவளி அடிமைப் பெண். சட்டப்படி அடிமையின் பிள்ளையும் அடிமையே. சொந்த ஊர் திரும்பக் கையில் பணம் இல்லாத அப்பா, நகையை அடகு வைப்பது போல, மீட்டுக்கொள்ளும் நிபந்தனையுடன் பெற்ற மகனையே விற்றார். பின்னர் பணம் கட்டி மீட்டு, 1776-இல் பிரான்சுக்கு வரவழைத்தார். பையனுக்கு அப்போது 14 வயது.

பாரிஸில் நல்ல படிப்பும் வாள் பயிற்சியும் கிடைத்தன. 1786-இல் அப்பா மறுமணம் செய்துகொண்டதும் பண வரவு சுருங்கியது. மகன் சாதாரணச் சிப்பாயாகக் குதிரைப்படையில் சேர்ந்தார். கடைநிலைச் சிப்பாய்க்குத் தன் குடும்பப் பெயர் கூடாது என்றார் அப்பா. சரி என்று அம்மாவின் பெயரான டூமாவையே பதிவேட்டில் எழுதிக் கொடுத்தார் மகன். இன்று உலகம் அறிந்திருப்பது அந்த அடிமைப் பெண்ணின் பெயரைத்தான்.

1789-இல் புரட்சி வெடித்தது. பிறப்பைப் பார்க்காமல் திறமையைப் பார்த்து உயர்வு கொடுக்கும் காலம் வந்தது. வில்லர் கோத்ரே என்ற சிற்றூருக்குக் காவலுக்குப் போன டூமா, தங்கிய விடுதிக்காரரின் மகள் மேரி லூயியை விரும்பினார். பதவி உயர்வு வந்தால் கல்யாணம் என்றார் பெண்ணின் அப்பா. 1792 நவம்பரில் திருமணம் நடந்தபோது மாப்பிள்ளை லெப்டினன்ட் கர்னல்! அடுத்த ஆண்டே ஜெனரல் ஆனார். சிப்பாயாகச் சேர்ந்து ஏழே ஆண்டுகள்.

1794-இல் ஆல்ப்ஸ் மலைப் படைக்குத் தலைமை ஏற்று, பனி மூடிய மோன் செனி கணவாயைக் கைப்பற்றினார். பிறகு உள்நாட்டுக் கலகம் நடந்த மேற்குப் பகுதிக்கு அனுப்பப்பட்டபோது, பொதுமக்களைக் கொள்ளையடித்த தம் வீரர்களையே கட்டுப்படுத்தினார். 1797 மார்ச்சில் டிரோல் பகுதியில் கிளௌசன் என்ற இடத்தில், ஒரு பாலத்தின் மேல் தனியாளாக நின்று ஆஸ்திரியக் குதிரைப்படையைத் தடுத்தார்.

1798-இல் எகிப்துப் படையெடுப்பில் குதிரைப்படை முழுவதற்கும் அவரே தலைவர். பாலைவனத்தில் தண்ணீரில்லாமல் வீரர்கள் தவித்தபோது, இந்தப் படையெடுப்பு எதற்கு என்று வெளிப்படையாகக் கேட்டார். நெப்போலியனுக்கு அது பிடிக்கவில்லை. அதன்பின் இருவருக்கும் ஒத்துவரவில்லை.

1799 மார்ச்சில் ஊர் திரும்பக் கப்பலேறினார். கப்பல் பழுதாகி, இத்தாலியின் தெற்கே தாரந்தோவில் கரை ஒதுங்கியது. அது பிரான்சின் எதிரியான நேப்பிள்ஸ் அரசின் துறைமுகம். இரண்டு ஆண்டுகள் சிறை. 1801-இல் வெளியே வந்தவர் ஒரு காது கேளாமல், ஒரு கண் பார்வை மங்கி, உடலில் ஒரு பகுதி செயலிழந்து நடைபிணமாக வந்தார்.

சிறையில் இருந்த காலத்துச் சம்பளப் பாக்கியையும் புதிய பதவியையும் கேட்டு மனு மேல் மனு போட்டார். பயனில்லை. அதே 1802-இல், புரட்சி அரசு ஒழித்த அடிமை முறையைக் குடியேற்ற நாடுகளில் நெப்போலியன் மீண்டும் அனுமதித்தார். 1806 பிப்ரவரி 26 அன்று வயிற்றுப் புற்றுநோயால் டூமா இறந்தார். வயது 43.

மனைவி மேரி லூயிக்குக் குடும்ப ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. வங்கியில் ஓய்வூதியக் கணக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, போர்க்களங்களைவிட இந்த இடம்தான் மனதில் தைத்தது. கணவர் இறந்து, ஓர் ஆவணம் சரியில்லை என்பதற்காகத் திரும்பத் திரும்ப வரும் பெண்களின் முகம் கவுண்டருக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும். மேரி லூயியிடம் ஆவணக் குறை எதுவும் இல்லை. அரசுக்கு மனம்தான் இல்லை. புகையிலைக் கடையில் வேலை பார்த்துப் பிள்ளையை வளர்த்தார்.

அப்பா இறந்தபோது மகனுக்கு மூன்றரை வயது. பள்ளிப்படிப்பு சரியாக அமையவில்லை. 1823-இல் பாரிஸ் சென்று, கையெழுத்து அழகாக இருந்த ஒரே தகுதியில் ஆர்லியன்ஸ் கோமகனின் அலுவலகத்தில் குமாஸ்தாவானார். பிறகுதான் எழுத்து, புகழ் எல்லாம். குற்றமில்லாமல் சிறையில் வாடும் மாண்டி கிறிஸ்டோ நாயகனை இனி படிக்கும்போது தாரந்தோவை நினைத்துக்கொள்ளுங்கள்.

பாரிஸில் தளபதிக்கு எழுப்பிய சிலையை இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மானியர்கள் அகற்றி அழித்தார்கள். 2009-இல் அதே சதுக்கத்தில் அவர் நினைவாக உடைந்த அடிமை விலங்கின் பெரிய சிற்பம் வைக்கப்பட்டது. பாரிஸ் சுற்றுலா செல்லும் நம் குடியிருப்பு நண்பர்கள், ஈபிள் கோபுரத்தோடு அதையும் பார்த்து வரலாம்.