பாட்டுக்குப் பூட்டுப் போட்ட அமைச்சர்

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பழைய வால்வு ரேடியோ இருக்கிறது. அதனுடன் நூலால் கட்டிய ஒரு சிறு புத்தகமும் இருக்கிறது. தாத்தா ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் பணம் கட்டி முத்திரை வாங்கிய ரேடியோ லைசென்சு அது. வீட்டில் ரேடியோ வைத்துக்கொள்ள அரசாங்க உரிமம் வேண்டியிருந்தது என்று வகுப்பில் சொன்னபோது மாணவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்த வழக்கம் 1980-களின் நடுவில்தான் ஒழிந்தது.

எனக்கு வியப்பாக இருந்தது வேறொன்று. தாத்தா உரிமம் பெற்றது தில்லி சர்க்காரிடம். கேட்டது முழுவதும் இலங்கை வானொலி. எங்கள் தெருவே அப்படித்தான் இருந்தது. திண்ணையில் பெண்கள் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருப்பார்கள். பசைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் யாராவது ஒருவருடைய டிரான்சிஸ்டர் பாடிக்கொண்டிருக்கும். நிலையம் கொழும்பாகத்தான் இருக்கும். சொந்த நாட்டு வானொலியை விட்டுக் கடல் கடந்து காது கொடுக்கும்படி நம்மவர்களைப் பழக்கியவர் யார் என்று தேடியபோதுதான் டாக்டர் பி. வி. கேஸ்கரின் வரலாறு என் கைக்கு வந்தது. இசையை அளவுகடந்து நேசித்த ஒருவரே அதைச் செய்தார் என்பதனால் அவர் கதையை இங்கே எழுத விழைகிறேன்.

பாலகிருஷ்ண விஸ்வநாத கேஸ்கர் 1903-ஆம் ஆண்டு பூனாவில் பிறந்த மராட்டியர். இளமையிலேயே ஒத்துழையாமை இயக்கத்தில் ஈடுபட்டார். காசி வித்யாபீடத்தில் பயின்றார். பின்னர் பாரிஸ் நகரம் சென்று டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பினார். காங்கிரசின் பொதுச் செயலாளர்களில் ஒருவராக விளங்கினார். 1948 முதல் வெளிவிவகாரத் துறையில் துணை அமைச்சராக இருந்தார். இந்துஸ்தானி இசையை முறையாகக் கற்றவர். 1952-இல் நேரு அவரைத் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக்கினார். அரசியல்வாதிக்கு இசை தெரிந்திருப்பது நல்லதுதானே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அந்த நாற்காலியின் பலத்தை இங்கே சொல்லியாக வேண்டும். நம் நாட்டில் வானொலி தனியார் முயற்சியாகவே தொடங்கியது. சென்னையில் 1924-இல் ஒரு வானொலிக் கழகம் ஏற்பட்டது. 1927-இல் பம்பாயில் ஒரு கம்பெனி ஒலிபரப்பைத் தொடங்கியது. அது நொடித்துப்போகவே 1930-இல் வெள்ளையர் அரசு அதை எடுத்துக்கொண்டது. அகில இந்திய வானொலி என்னும் பெயர் 1936-இல் வந்தது. சுதந்திரம் வந்த பிறகும் ஒலிபரப்பு மத்திய அரசின் அதிகாரப் பட்டியலில்தான் இருந்தது. 1954-இல் எங்கள் விருதுநகர்க் காமராசர் சென்னையில் முதல்வரானார். ஆனாலும் திருச்சி வானொலியில் எந்தப் பாட்டைப் போடுவது என்பது அவர் கையில் இல்லை. அந்தத் திறவுகோல் தில்லியில் கேஸ்கரிடம் இருந்தது.

அவர் கவலையிலும் நியாயம் உண்டு. சமஸ்தானங்களும் ஜமீன்களும் மறைந்துகொண்டிருந்த காலம் அது. எட்டயபுரம், இராமநாதபுரம் அரண்மனைகளின் ஆதரவில் வாழ்ந்த வித்துவான்களின் வழித்தோன்றல்களுக்கு இனி யார் சோறு போடுவது? அரண்மனையின் இடத்தை வானொலி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேஸ்கர் கருதினார். கருதியதோடு நில்லாமல் செய்தும் காட்டினார். 1952 ஜூலை 20 அன்று தேசிய இசை நிகழ்ச்சி தொடங்கியது. சனிக்கிழமை இரவுகளில் நாடு முழுவதும் ஒரே கச்சேரியைக் கேட்டது. தெற்கத்தி வித்துவானை வடக்கும், வடக்கத்தி உஸ்தாதைத் தெற்கும் வீட்டிலிருந்தபடியே கேட்டன. அதே ஆண்டில் ரவிசங்கரையும் டி. கே. ஜெயராம ஐயரையும் கொண்டு வாத்திய விருந்தம் என்னும் இசைக்குழு அமைந்தது. 1954-இல் வானொலி சங்கீத சம்மேளனம் வந்தது. எத்தனையோ கலைஞர் குடும்பங்களில் அடுப்பெரிந்தது இந்த மனிதரால் என்பதை மறைத்துவிட்டு அவரைக் குறை சொல்வது நேர்மையாகாது.

ஆனால் கலைஞன் இந்த அரண்மனைக்குள் நுழைவதற்கு வாயிலில் ஒரு தேர்வு இருந்தது. கேஸ்கர் காலத்தில் குரல் தேர்வு இறுகியது. ரத்தன்ஜங்கர் என்னும் இசை அறிஞரின் தலைமையில் ஒரு குழு அமைந்தது. பாடிக் காட்டினால் மட்டும் போதாது. இராக இலக்கணம் பற்றிய கேள்விகளுக்கும் விடை சொல்ல வேண்டும். தலைமுறை தலைமுறையாகக் காதால் கேட்டுக் கற்றவர்கள் அங்கே திணறினார்கள். நீச்சல் தெரிந்தவனை நீரின் இலக்கணம் கேட்டது போலாயிற்று. வடக்கே கலைஞர்கள் கண்டனக் குரல் எழுப்பினார்கள். அதிலும் முஸ்லிம் அரசர்கள் காலத்தில் நம் இசை தன் ஆன்மிக வழியினின்றும் விலகிவிட்டது என்பது கேஸ்கரின் கொள்கை. உஸ்தாதுகளின் வீடுகளில் அத்தனை நூற்றாண்டுகள் காப்பாற்றப்பட்டு வந்த இசையைப் பற்றிய இந்தக் கொள்கையை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆர்மோனியத்தின் கதை இன்னும் வேடிக்கை. நம் சுருதிகளுக்கு அந்தப் பெட்டி ஒத்துவராது என்று 1940-லேயே வானொலி அதை விலக்கிவிட்டது. கேஸ்கரும் அந்த விலக்கை விடாமல் காத்தார். மதுரை, விருதுநகர்ச் சீமையில் சங்கரதாஸ் சுவாமிகள் வழியில் வந்த ஸ்பெஷல் நாடகங்களுக்கு ஆர்மோனியந்தான் உயிர். திருவிழாப் பொட்டலில் விடிய விடிய வாசிக்கப்பட்ட ஒரு வாத்தியம், வானொலி நிலையத்தின் வாசற்படியில் நின்றுவிட்டது.

இனித் திரைப்பாட்டுக்கு வருகிறேன். சினிமாப் பாட்டு மேனாட்டு மெட்டுகளைக் காப்பியடிக்கிறது, இளைஞர்களைக் கெடுக்கிறது என்பது கேஸ்கரின் உறுதியான எண்ணம். 1952 இலையுதிர் காலத்தில் அவர் வானொலியில் அதன் அளவைச் சுருக்கினார். ஒலிக்கும் பாட்டுக்கும் பாடகர் பெயரைச் சொல்லலாம், படத்தின் பெயரைச் சொல்லக் கூடாது என்றார்கள். சொன்னால் அது விளம்பரமாம். பம்பாய்ப் படத் தயாரிப்பாளர்கள் வெகுண்டு தங்கள் பாட்டுகளை ஒலிபரப்பும் உரிமையையே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். சில மாதங்களில் அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டு அருகிப்போயிற்று.

அந்த நேரத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். பராசக்தி வெளிவந்தது அதே 1952 அக்டோபரில். அந்த ஆண்டு டிசம்பரில் வந்த பணம் படத்தில்தான் விசுவநாதன், இராமமூர்த்தி என்னும் இரு இளைஞர்கள் இரட்டையராகச் சேர்ந்து முதன்முதலில் இசையமைத்தார்கள். இரண்டொரு ஆண்டுகளில் பட்டுக்கோட்டை கலியாணசுந்தரம் பாட்டெழுத வந்தார். அரண்மனையும் தெரியாத, சபாவும் அழைக்காத எளிய வீட்டுப் பிள்ளைகளுக்குச் சினிமா ஒன்றே வாசலாகத் திறந்திருந்த காலம் அது. தமிழில் ஒரு புதிய இசைத் தலைமுறை தலையெடுத்த வேளையிலேதான் தில்லி அந்தப் பக்கக் கதவைச் சாத்தப் பார்த்தது.

சாத்திய கதவுக்கு எதிரே கடல் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகளுக்காக இலங்கையில் நிறுவிய பலம் வாய்ந்த ஒலிபரப்பி போருக்குப் பின் இலங்கை வானொலியின் கைக்கு வந்திருந்தது. 1950-இல் அங்கே வர்த்தக ஒலிபரப்பும் தொடங்கிவிட்டது. 1952 டிசம்பரில் அமீன் சயானி இந்திப் பாட்டு வரிசையைத் தொடங்கினார். பம்பாயில் ஒலிப்பதிவாகிக் கொழும்புக்குப் பறந்து, அங்கிருந்து மீண்டும் இந்தியாவுக்கே அது வந்தது. தமிழில் மயில்வாகனத்தின் குரல் வீடுதோறும் புகுந்தது. வடக்கே உள்ளவர்கள் சிற்றலையில் இரைச்சலோடு மல்லுக்கட்டியபோது நமக்கு அது அடுத்த ஊர் போல் கேட்டது. திருநெல்வேலிக்கு நிலையம் 1963-இல்தான் வந்தது. அதற்கு முன் எங்கள் பக்கத்துக்குத் திருச்சியைவிடக் கொழும்பே கிட்டம். அந்நாளில் ஒரு கேலிக் கதை உலவியதாம்: பத்து வீடுகளில் விசாரித்தால் ஒன்பது வீட்டில் கொழும்பு பாடுகிறது, பத்தாவது வீட்டில் ரேடியோ பழுது.

கேஸ்கர் சும்மா இருக்கவில்லை. திரைப்பாட்டுக்குப் பதிலாக வானொலியே மெல்லிசையை உருவாக்கும் என்று கவிஞர்களையும் இசையமைப்பாளர்களையும் அமர்த்தினார். அவற்றில் நல்ல பாட்டுகள் இல்லாமலில்லை. ஆனால் ஆணையிட்டுப் பிறக்கும் பாட்டு எத்தனை பேர் வாயில் நிற்கும்? ஐந்தாண்டு கழித்து அவரே இறங்கிவர நேர்ந்தது. 1957 அக்டோபர் 3 அன்று விவித பாரதி தொடங்கியது. திரைப்பாட்டு மீண்டும் நாட்டு வானொலிக்குள் வந்தது. பத்தாண்டில், 1967-இல், அதே விவித பாரதியில் விளம்பரமும் நுழைந்துவிட்டது. படத்தின் பெயரைச் சொல்வதே விளம்பரம் என்று அஞ்சியதெல்லாம் எங்கே போயிற்றோ!

எங்கள் சிவகாசிப் பக்கத்தாருக்கு லைசென்சு என்பது புதிதல்ல. பட்டாசு ஆபீசில் மருந்து அறைக்குள் இத்தனை பேர்தான் இருக்கலாம் என்று சட்டம் எண்ணிச் சொல்கிறது. அந்த எண்ணை மீறியதால் போன உயிர்கள் எங்கள் ஊர்களில் உண்டு. ஆகவே கட்டுப்பாடே கூடாது என்று நான் வாதாட வரவில்லை. மருந்துக்கு வைக்கும் காவலைப் பாட்டுக்கும் வைத்தார் என்பதே கேஸ்கர்மேல் என் குறை.

1962 பொதுத் தேர்தலில் அவர் தோற்றார். பத்தாண்டு அமைச்சர் பதவியும் முடிந்தது. பின்னர் நேஷனல் புக் டிரஸ்டின் தலைவராக இருந்து நூல் வெளியீட்டில் கவனம் செலுத்தினார். 1967-இல் இந்திய இசையின் பிரச்சினைகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 1984 ஆகஸ்டு 28 அன்று காலமானார். அவருக்குப் பின் 1995-இல், வான் அலைகள் பொதுச் சொத்து, அரசின் தனிச் சொத்தல்ல என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2001 முதல் தனியார் பண்பலை நிலையங்கள் வந்தன. அவை பெரும்பாலும் திரைப்பாட்டே போடுகின்றன. புதிதாகப் பாட வந்த ஊர்ப்புறப் பையன் அங்கே போய் நின்றால், இலக்கணம் கேட்பவர் எவருமில்லை. படத்தில் பாடியிருக்கிறாயா என்று கேட்பார்கள்.

வானொலியில் குரல் தேர்வும் கலைஞர்களைத் தரம் பிரிக்கும் முறையும் இன்றும் உள்ளன. என் வகுப்பு மாணவன் ஒருவன் நாகசுரக்காரர் வீட்டுப் பிள்ளை. இந்த ஆண்டு அந்தத் தேர்வுக்கு விண்ணப்பம் வாங்கி வந்திருக்கிறான். மாலை நேரங்களில் விடுதிக்குப் பின்னால் உள்ள வேப்ப மரத்தடியில் அவன் சாதகம் செய்வது ஆசிரியர் அறைவரை கேட்கிறது. விண்ணப்பத்தை நிரப்ப என்னிடம்தான் வந்தான். எந்தெந்த இராகங்கள் தெரியும் என்று எழுத வேண்டிய இடத்தில் கோடுகள் போதாமல், தனித்தாள் ஒன்று இணைத்திருக்கிறோம்.