மூச்சைக் காத்த மருத்துவ மேதை

ஸ்பெயின் நாட்டுக் குர்துபா நகரின் அருகே அமைந்த மதீனத்துஸ் ஸஹ்ராவில், கி.பி. 936ஆம் ஆண்டளவில் பிறந்தவர் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி. அண்ணல் நபி (ஸல்) அவர்களுக்கு மதீனாவில் உறுதுணையாய் நின்ற அன்ஸாரிகளின் வழிவந்தவர்.

நெடுங்காலம் மருத்துவம் புரிந்து கண்ட உண்மைகளை அவர் ‘அத்தஸ்ரீஃப்’ என்னும் நூலாக வடித்தார். அதன் 30 பகுதிகளில் இறுதியானது அறுவை மருத்துவம் பற்றியது. சுமார் 200 கருவிகளின் படங்களும் அதில் உண்டு. 12ஆம் நூற்றாண்டில் கிரெமோனா நகரத்து ஜெரார்டு அப்பகுதியை இலத்தீனில் பெயர்த்தார். ஐரோப்பிய மருத்துவர்கள் பல நூற்றாண்டுகள் அதனைப் பயின்றனர்.

மூக்கெலும்பு முறிவுக்கும் அதில் தனி இடம் அளித்தார். அமிழ்ந்த எலும்பை உள்ளிருந்து மெல்ல உயர்த்தி, வெளியிலிருந்து மறு கையால் சீராக்க வேண்டும். அது மீண்டும் சரியாதிருக்க நாசியினுள் துணித்திரி வைக்க வேண்டும். ஆனால், திரி மூச்சை அடைக்குமே! அதற்கும் அவர் வழி கூறினார். வாத்தின் இறகுத் தண்டில் மென்துணி சுற்றிச் செலுத்தினால் எலும்பும் நிலைபெறும், காற்றும் உட்புகும். எலும்பைக் கூட்டுவதோடு மருத்துவரின் கடமை முடிவதில்லை என்று உணர்ந்தவர் அவர். கி.பி. 1013ஆம் ஆண்டளவில் இறையடி சேர்ந்தார்.

காயமுற்றோர்பால் இக்கனிவு நம் மார்க்கத்திற்குப் புதிதன்று. போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் பொருத்திய வெள்ளி மூக்கு துர்நாற்றம் கொண்டபோது, ஆண்களுக்கு விலக்கப்பட்ட தங்கத்தாலேயே செய்து அணியுமாறு நபிகளார் (ஸல்) பணித்தார்கள்.

இன்று கோவையிலோ ஈரோட்டிலோ நம் பிள்ளைகள் இரு சக்கர வாகனத்திலிருந்து விழுந்து மூக்கில் அடிபட்டால், இல்லத்தார் செய்ய வேண்டுவது எளியதே. நிமிர்ந்து அமரச் செய்து, தலையை முன்னே சாய்க்க வேண்டும். பின்னே சாய்த்தால் இரத்தம் தொண்டைக்குள் இறங்கும். மூக்கின் மென்பகுதியை 10 நிமிடம் விடாது அழுத்திப் பிடித்து, வாயால் மூச்சுவிடச் செய்ய வேண்டும். வளைந்த மூக்கை நாமே நிமிர்த்தலாகாது. இரத்தம் நிற்கவில்லையெனினும், தெளிந்த நீர் வடியினும், உள்ளே வீங்கி மூச்சடைப்பினும் உடனே மருத்துவமனை செல்ல வேண்டும். நடுச்சுவரில் கட்டிய இரத்தத்தை விரைந்து நீக்காவிடில் குருத்தெலும்பு அழிந்து, மூக்கு நிரந்தரமாக அமுங்கிவிடும்.

மூச்சு இறைவன் தந்த அமானிதம். அடிபட்டோரின் அருகிருந்து அதனைக் காப்பதும் நற்செயலே ஆகும்.