எங்கள் குடாவின் சிப்பியும் வைத்தியர் கெலார்ட்டும்

உயிரியற் பாடத்தில் இருசொற்பெயரீடு வந்தபோது நான் சலித்துக்கொண்டேன். சிப்பியைச் சிப்பி என்றால் போதாதா? வாயில் நுழையாத இலத்தீன் பெயர் எதற்கு? எங்கள் தம்பலகாமக் குடாவின் சிப்பியை ஆராய்ந்த ஒருவரின் வாழ்க்கையைப் படித்தபோதுதான் எனக்கு விடை கிடைத்தது.

எட்வர்ட் பிரெடரிக் கெலார்ட் 1819இல் இலங்கையில் பறங்கியர் குடும்பமொன்றில் பிறந்தார். எடின்பரோவில் மருத்துவம் கற்று இராணுவ வைத்தியரானார். ஜிப்ரால்டரில் பணியாற்றியபோது அங்குள்ள தாவரங்களைப் பற்றி 1846இல் நூல் வெளியிட்டார். பின்னர் தாய்நாடு திரும்பி, 1852இல் இலங்கை விலங்குகளைப் பற்றி எழுதினார்.

நம் நாட்டு உயிரினங்களுக்கு அந்நாளில் பெயர் வைத்தவர்களிற் பலர் இத்தீவைக் கண்டதேயில்லை. லின்னேயஸ்கூட, போல் ஹேர்மன் இங்கே சேகரித்து உலர்த்திய செடிகளைச் சுவீடனில் இருந்து பார்த்தே 1747இல் இலங்கைத் தாவர நூலை எழுதினார். கெலார்ட்டோ இம்மண்ணில் பிறந்து, இங்கேயே தேடிப் பார்த்துப் பெயரிட்டவர். மலைநாட்டு மூஞ்சூறு ஒன்றுக்கு 1850இல் சோரெக்ஸ் பெரோகுலஸ் என்று பெயரிட்டார். முதற்சொல் சாதியையும் அடுத்தது இனத்தையும் குறிக்கும். அது தனிச் சாதி என்று தெளிந்ததும் 1852இல் தாமே திருத்தினார். இன்று அது பெரோகுலஸ் பெரோகுலஸ். சாதிப்பெயர் மாறினாலும் முதலில் இட்ட இனப்பெயர் நிலைத்தது.

மன்னார் முத்துக்குளிப்பு பல ஆண்டுகள் பொய்த்துப்போயிருந்ததால், முத்துச்சிப்பியை ஆராயும் பணியை அரசு அவரிடம் ஒப்படைத்தது. முதல் அறிக்கை 1857இல் திருகோணமலையில் அச்சானது. மன்னார்ச் சிப்பி நூல்போன்ற இழைகளால் பாறையைப் பற்றிக்கொள்ளும். தேவைப்பட்டால் இழைகளை உதறிவிட்டு இடம் மாறும் என்று கண்டறிந்தார்.

அவர் ஆராய்ந்த தம்பலகாமச் சிப்பியோ வேறு. தட்டையான, ஒளி ஊடுருவும் ஓட்டுடன் சேற்றிலே கிடப்பது. அதன் பொடி முத்துகளைச் சுட்டு வெற்றிலைச் சுண்ணாம்பாக்கினார்கள். லின்னேயஸ் 1758இல் அதற்கு அனோமியா பிளசென்டா என்று பெயரிட்டார். இப்போது பிளக்குனா பிளசென்டா. பிளசென்டா என்றால் இலத்தீனில் தட்டைப் பணியாரம்! இரண்டையும் முத்துச்சிப்பி என்றே எழுதிவைத்தால், சேற்றில் வாழ்வதைப் பாறையில் தேடுவோம். ஒன்றைக் காக்கும் வழியை மற்றதற்குச் சொல்லி இரண்டையும் இழப்போம். பெயர் பிழைத்தால் பிழைப்பும் பிழைத்துவிடும்.

1860இல் இங்கிலாந்து செல்லும் வழியில், நாற்பதே வயதில், கெலார்ட் கப்பலில் காலமானார்.

இப்போதெல்லாம் வாப்பா சிப்பி கொண்டுவந்தால், உம்மா சட்டியில் போடுமுன் ஒன்றை வாங்கி, அது எந்தச் சாதி, எந்த இனம் என்று பார்க்கிறேன். பெயரிடப்படாத உயிர்கள் நம் குடாவில் இன்னும் இருக்கக்கூடும். அவற்றுள் ஒன்றுக்கேனும் பெயரிடுபவள் நம் கல்லூரி மாணவியாக இருக்கட்டும்.