அபினுக்கு அடிமையான புனிதர்



கடுகண்ணாவையைக் கடந்து பிலிமத்தலாவை, பேராதனை ஊடாகக் கண்டிக்குச் செல்லும் பேருந்துகளில், பல்லேகலைச் சிறைச்சாலையில் இருக்கும் பிள்ளையைப் பார்க்கச் செல்லும் தாய்மாரும் பயணம் செய்கின்றார்கள். போதைப்பொருளால் பிள்ளையைச் சிறைக்குப் பறிகொடுத்தவர்கள் அவர்களுள் உண்டு. அயலவர் கேட்டால், மகன் தூரத்தில் வேலை செய்கிறான் என்று சொல்லிச் சமாளிக்கின்றார்கள். அத்தகைய இல்லங்களுக்காக, இவ்வாரம் ஒரு புனிதரின் வாழ்வை உங்கள் முன் வைக்கின்றேன்.

புனித மாற்கு ஜி தியான்சியாங் 1834ஆம் ஆண்டு சீனாவின் ஹெபே மாநிலத்தில் பிறந்தார். கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்து, மருத்துவராகி, ஏழைகளுக்கு இலவசமாகச் சிகிச்சையளித்தார். அவர் சிறுவனாயிருந்த 1839இல், சீனப் பேரரசின் ஆணையாளர் லின் சேசு, பிரித்தானிய வணிகர் கொண்டுவந்த அபினைப் பறிமுதல் செய்து அழித்தார். அதனால் மூண்ட போரில் சீனா தோற்றது. இரண்டாவது அபின் போரின் போது, 1858இல், வரி விதித்து அபின் இறக்குமதியைச் சட்டபூர்வமாக்க நேர்ந்தது. வணிகர் செல்வந்தராயினர், அபினுக்கு அடிமையானவர் மீதே பழி விழுந்தது.

மாற்குவும் அவ்வாறு அடிமையானவரே. கடும் வயிற்று நோய்க்கு மருந்தாக அபினை உட்கொண்டார். நோய் தணிந்தது, பழக்கம் தணியவில்லை. மீண்டும் மீண்டும் ஒப்புரவு அருட்சாதனத்தை நாடினார். திருந்தும் உறுதி அவரிடம் இல்லையென்று கருதிய குருவானவர், இறுதியில் பாவமன்னிப்பு வழங்க மறுத்தார். போதை அடிமைத்தனம் ஒரு நோய் என்பதை அக்காலத்தவர் அறிந்திருக்கவில்லை. ஒரு குருவாக இதை எழுதும்போது என் உள்ளம் கனக்கின்றது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அவர் நற்கருணை பெறாமல் வாழ்ந்தார். ஆயினும் திருச்சபையை விட்டு விலகவில்லை. மறைசாட்சியாக மரிக்கும் வரத்தை வேண்டி மன்றாடினார்.

1900ஆம் ஆண்டு பொக்சர் கிளர்ச்சியாளர் கிறிஸ்தவர்களை வேட்டையாடினர். மாற்குவும் அவருடைய மகனும் மருமக்களும் பேரப்பிள்ளைகளும் பிடிபட்டனர். தம் குடும்பத்தவர் எவரும் தனிமையில் சாகக்கூடாது என்பதற்காக, தம்மை இறுதியாகக் கொல்லும்படி அவர் கேட்டுக்கொண்டார். மாதா பிரார்த்தனையைப் பாடியவாறே ஜூலை 7ஆம் திகதி தலை வெட்டுண்டு மரித்தார். அபின் பழக்கத்திலிருந்து அவர் விடுபட்டதாக வரலாறு கூறவில்லை. ஆயினும், 2000ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாம் திகதி திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரைப் புனிதராக அறிவித்தார்.

நமது நாட்டின் சட்டத்தையும் சற்று எண்ணிப் பாருங்கள். 1929ஆம் ஆண்டின் அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் 1984இல் திருத்தப்பட்டு, இரண்டு கிராமும் அதற்கு மேலும் ஹெரோயின் வைத்திருப்போருக்கு மரண தண்டனை அல்லது ஆயுட்கால சிறை விதிக்க வழிசெய்யப்பட்டது. 1976க்குப் பின் இங்கு எவரும் தூக்கிலிடப்படவில்லை. 2019இல் போதைப்பொருள் கைதிகள் நால்வரைத் தூக்கிலிட ஜனாதிபதி ஒப்பமிட்டபோது, உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. மரண தண்டனை ஏற்கத்தகாதது என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2018இலேயே திருச்சபையின் மறைக்கல்வி நூலில் தெளிவுபடுத்தியிருந்தார். போதைக்கு அடிமையானவருக்குச் சிகிச்சையும் புனர்வாழ்வும் அளிப்பதற்கென 2007இன் 54ஆம் இலக்கச் சட்டமும் நம்மிடம் உண்டு.

நஞ்சை விற்றுப் பணம் சேர்ப்பவனைச் சட்டம் தடுக்கத்தான் வேண்டும். ஆனால் நஞ்சில் சிக்கியவனை விற்றவனோடு சேர்த்து வெறுப்பது நீதியாகாது. அவனைச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்வதும், சிறையில் சென்று சந்திப்பதும், திரும்பி வரும் நாளில் ஆலயத்தில் அருகே இடங்கொடுத்து அமர்த்துவதும் நமது கடமை. சிறையிலிருந்தோரைத் தேடிச் சென்றோமா என்றே இறுதி நாளில் ஆண்டவர் நம்மிடம் கேட்பார்.

பிள்ளைக்காகக் கண்ணீர் வடிக்கும் தாய்மாரே, தந்தையரே, அவன் விழுந்த தடவைகளை எண்ணிக்கொண்டிராதீர்கள். முப்பது ஆண்டுகள் காத்திருந்த மாற்குவை இறைவன் மறக்கவில்லை. புனித மாற்குவே, எங்கள் பிள்ளைகளுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.