சாமி படத்தை வீட்டுக்கு வீடு கொண்டுபோன ரவி வர்மா... சொந்த அச்சகத்தையே விற்றது ஏன்?

திருப்பூரில் டி-ஷர்ட் பிரிண்டிங்கை நேரில் பார்த்தவர்களுக்கு இது தெரியும். படத்தில் எத்தனை நிறமோ, அத்தனை ஸ்கிரீன். ஒரு நிறத்தின் மேல் அடுத்த நிறம் இம்மி பிசகாமல் உட்காரணும். பிரெஞ்சு ஓவியர் மோனேவின் அல்லிக்குளத்தை பனியன் துணியில் ஏற்றினாலும் இதே கதைதான். சுமார் 130 வருஷத்துக்கு முன்பு, ஸ்கிரீனுக்குப் பதில் கல், துணிக்குப் பதில் காகிதம். அந்தத் தொழிலில் சொந்தப் பணத்தைக் கொட்டியவர் ராஜா ரவி வர்மா.

1848-ல் கேரளாவின் கிளிமானூரில் பிறந்தவர். 14 வயதில் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்தார். ஆயில் பெயிண்ட் வித்தையைச் சொல்லித்தர அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கருக்கு மனசில்லை. ஐரோப்பாவில் இருந்து வந்த தியோடர் ஜென்சனும் தான் வரைவதைப் பார்க்க மட்டுமே விட்டார். பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார் ரவி வர்மா. 1873-ல் வியன்னா கண்காட்சியில் பரிசு!

அடுத்த வருஷமே பாரிஸில் மோனேவும் நண்பர்களும் தங்கள் முதல் கண்காட்சியை நடத்தினார்கள். அவர்கள் வெளிச்சத்தைத் தேடி ஆற்றங்கரைக்குப் போனார்கள். ரவி வர்மா பழைய ஐரோப்பிய பாணியிலேயே புராணத்துக்குள் போனார். அப்போ இயற்கைக் காட்சி? அது தம்பி ராஜ ராஜ வர்மாவின் ஏரியா. அண்ணன் படங்களின் பின்னணியிலும் தம்பியின் கை உண்டு. பெயர் என்னவோ அண்ணனுக்கு மட்டும்தான்.

ஒரு ஓவியத்தை ஒரு ராஜாதான் வாங்க முடியும். பிரதி போட்டால் ஊரே வாங்குமே? இந்த யோசனையைச் சொன்னவர் கும்பகோணத்தில் பிறந்த திவான் மாதவ ராவ். படங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி அச்சடிக்கச் சொன்னார். ரவி வர்மாவோ 1894-ல் பம்பாயில் அச்சகமே தொடங்கிவிட்டார். ஜெர்மனி மெஷின், ஜெர்மன் டெக்னீஷியன்கள். லட்சுமியும் சரஸ்வதியும் பூஜை அறைகளுக்கு வந்தார்கள். கோயிலுக்குள் விடப்படாத மக்களும் அதே சாமியை வீட்டுச் சுவரில் மாட்டிக் கும்பிட முடிந்தது. சாதாரண விஷயமா இது?

ஆனா கல்லாப்பெட்டி நிறையலை. 1896-ல் பம்பாயை பிளேக் பிடித்தது. கடன் ஏறியது. அச்சகம் லோனாவாலா பக்கம் மலவ்லிக்கு மாறியது. அதுவும் கைகொடுக்கவில்லை. கடைசியில், தன்னிடம் வேலை பார்த்த ஜெர்மன் டெக்னீஷியன் ஃபிரிட்ஸ் ஷ்லைஷரிடமே விற்றுவிட்டார். பல படங்களை அச்சடிக்கும் உரிமையும் சேர்ந்தே போனது.

வரைவது வேறு, பட்டறை நடத்துவது வேறு. ஷ்லைஷருக்கு இரண்டாவது தெரிந்திருந்தது. போஸ்ட் கார்டு, லேபிள், விளம்பரம் என்று அதே அச்சகம் பல வருஷம் ஓடியது.

1905-ல் தம்பி இறந்தார். 1906 அக்டோபர் 2-ல் ரவி வர்மாவும் காலமானார். மலவ்லி அச்சகம் 1972-ல் தீப்பிடித்து எரிந்தது. அங்கே மிச்சமிருந்த பிரதிகள் பலவும் அதோடு போயின.